வெண்மதிக்குச் செய்த மஞ்சள் நீராட்டு

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் உத்திராபதி சொல்வார். ஆமாம், ஜாஸ்திதான். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வாங்க வருகிறவன் தராசில் மூட்டையை வைக்கும்போது அவன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் நாங்கள் பிழைக்க முடியும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண் மூடுவதில்லை.

என் நாத்தனார் லோகநாயகி கடலூர் செம்மண்டலத்தில் ஜாக்கெட் தைக்கிறாள். புருஷன் சிங்கப்பூரில். ஒரே பெண் வெண்மதி. பிறக்கும்போதே அந்தக் குழந்தைக்குக் கையும் காலும் வீங்கியிருந்தன. அப்புறம் ஓயாமல் காதில் சீழ். தையல் மிஷினையும் மிதித்துக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு லோகநாயகி தனியாளாக அலைந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மகன் செம்பியனுக்குத்தான் வெண்மதி என்று முன்பே பேசி வைத்திருந்தது. ஆகவே அவள் எதையாவது மறைக்கிறாளா என்று கண்டுபிடிப்பது என் வேலை.

முதல் சந்தேகம் பள்ளிக்கூடப் பாவாடையில் வந்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள், வளர்கிற மகளின் பாவாடையில் அடிமடிப்பை மூன்று வருஷமாகப் பிரித்துவிடவே இல்லை.

அடுத்தது மஞ்சள் நீராட்டு. பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதலில் போன் வர வேண்டும். அன்றைக்கே தலைக்குத் தண்ணீர் ஊற்ற நான் போக வேண்டும். லோகநாயகியோ ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "அக்கம்பக்கத்துல இருக்கறவுங்களே தண்ணி ஊத்திட்டாங்க அண்ணி. ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு சீரோட வந்துடுங்க" என்றாள். செம்மண்டலத்தில் வீடு வீடாக விசாரித்தேன். தண்ணீர் ஊற்றிய ஒருத்தியைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடையில் பதிமூன்று வயசுப் பெண் பட்டுப்புடவைக்குள் ஒன்பது வயசுக் குழந்தையாக முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் நலங்கு வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நாலு வருஷம் ஓடியது. வெண்மதி பன்னிரண்டாவதுக்குப் போனாள், உயரம் மட்டும் ஏறவில்லை. இந்த வருஷம் லோகநாயகி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மகளோடு சிதம்பரம் போக ஆரம்பித்தாள். கேட்டால் நடராஜர் கோயிலாம். பலாப்பழம் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்த இரண்டு பேர் நெற்றியிலும் துளி விபூதி இல்லை. அடுத்த மாதம் அதே பஸ்ஸில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடைசி சீட்டில் நானும் உட்கார்ந்தேன்.

அவர்கள் கோயில் பக்கமே திரும்பவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அண்ணாமலை நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின்னாலேயே போனேன். வசமாக மாட்டினாள் என்று எனக்குச் சந்தோஷம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

லோகநாயகி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வெண்மதி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க அத்தை. இம்மாந்தூரம் வந்துட்டீங்க, நானே சொல்லிடறேன்." ஃபைலைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினாள். குட்டிக் குட்டிக் கோடுகள், ஜோடி ஜோடியாக. கடைசியில் மட்டும் ஒற்றை. "இது குரோமோசோம். எல்லாருக்கும் நாப்பத்தாறு, எனக்கு நாப்பத்தஞ்சு. அதனாலதான் வளரல. வயசுக்கும் வரல. கொழந்தையும் அநேகமா பொறக்காது. பன்னெண்டாவது பாடத்துலயே இருக்குது. அதப் படிச்சிட்டுத்தான் அம்மாவ இங்க இழுத்துகினு வந்தேன். செம்பியன் மாமாகிட்ட போன மாசமே சொல்லி, கல்யாணப் பேச்சே வேணாம்னுட்டேன்."

என் மகன் என்னிடம் மூச்சு விடவில்லை.

"யாரு பக்கத்துலருந்து வந்துச்சு இது?" என்றேன்.

"யாரு பக்கமும் இல்ல அத்தை. அப்பா ஒடம்புல விந்து உண்டாவும்போதோ, அம்மா ஒடம்புல முட்டை உண்டாவும்போதோ, ஜோடியா இருக்கறது ஒண்ணு ஒண்ணா பிரியணும். அப்படிப் பிரியறப்ப ஒண்ணு தவறிப்போச்சு. அது யாருக்கு வேணா நடக்கும்."

நான் நம்பவில்லை. ஆள் இல்லாமல் தப்பு நடக்காது என்பது என் கட்சி.

"அப்ப அந்த சடங்கு? யார ஏமாத்த?" என்று லோகநாயகியைக் கேட்டேன்.

"ஒங்களத்தான் அண்ணி." அவள் குரல் ஏறவில்லை. "இவளுக்கு பதிமூணு வயசுல இதே ஆஸ்பத்திரி டாக்டரு, ஒடனே ஊசி ஆரம்பிச்சா வளருவான்னாரு. அந்த வாரம்தான் பண்ருட்டி கல்யாணத்துல, பந்தியில, 'ஒம்பொண்ணு இன்னுமா வயசுக்கு வந்து ஒக்காரல, ஏதாவது கொறையா'ன்னு அத்தினி பேரு நடுவுல கேட்டீங்க. புள்ள எலைய மூடிட்டு எழுந்துட்டா. ஒங்க வாய மூடத்தான் சடங்கு வெச்சேன். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தா, எதுக்குன்னு தோண்டுவீங்களே? அதான் ஊசியே போடல."

அந்தப் பந்தி ஞாபகம் இருந்தது. நான் கேட்டது ஞாபகம் இல்லை. அப்படி எத்தனை பேரிடம் என்னென்ன கேட்டிருப்பேனோ.

நர்ஸ் கூப்பிட்டாள். வெண்மதி செருப்பைக் கழற்றிவிட்டு அளவுக் கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள்.

"நூத்தி முப்பத்தெட்டு. போன மாசமும் இதேதான்" என்றாள் நர்ஸ். ஃபைலைப் புரட்டியவள் நிமிர்ந்தாள். "மாத்திரையில மத்ததெல்லாம் சரி பண்ணலாம். ஒயரத்துக்கு இனிமே ஊசி போட்டு பிரயோசனம் இல்லம்மா, எலும்பு முத்திடுச்சு. நாலு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்களே, ஏன் விட்டீங்க?"

லோகநாயகி என்னைக் கை காட்டுவாள் என்று நின்றேன். காட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

"வசதிப்படல சிஸ்டர்" என்றாள் அவள்.