எருக்கம் பஞ்சுத் தலையணை

எருக்கம்பூ மாலை போட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். அதே எருக்கு இன்னொரு நாட்டில் களை என்று எனக்குத் தெரிய வந்தபோது அறுபது வயது தாண்டிவிட்டது.

மெல்பேர்னில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. தாயில்லாத அவளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் என் அக்கா, அவளுடைய மாமி. கல்யாணம் கட்டாமல் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டிலேயே இருந்து, அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கடைசியில் விமானம் ஏற்றியும் விட்டவள். பிள்ளைப்பேறு பார்க்கத் தானே போவதென்று அக்கா எப்போதோ முடிவு செய்திருந்தாள். விசா கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்தோம், மறுபடியும் இல்லை. வேலையில்லை, சொத்தில்லை, புருஷன் பிள்ளை இல்லை, ஆகவே திரும்பி வருவாள் என்று நம்ப முடியாதாம். ஓய்வூதியம் வாங்கும் எனக்கோ கேட்டவுடன் தந்தார்கள். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டியறியாத என்னை அனுப்பி அங்கே யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்கா அழவில்லை. “சரி, நீ போ. நான் ஒரு தலையணை தைச்சுத் தாறன், அது பிள்ளையோடை இருக்கட்டும்” என்றாள்.

எருக்கம் பஞ்சில் படுத்தால் குழந்தைக்குத் தடிமன், சளி பிடிக்காது என்பது அவள் நம்பிக்கை. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, கருங்கற்களுக்குள் எருக்கு தாராளமாக நிற்கிறது. பின்னேரங்களில் பையோடு போய், வெடிக்கிற பருவத்துக் காய்களாகப் பார்த்துப் பிடுங்கி வருவாள். ஒருநாள் ஒரு பொலிஸ்காரர் பையைக் காட்டி, “மொனவத அம்மே?” என்று, இதென்னவென்று சிங்களத்தில் கேட்டாராம். “பெஹெத், மாத்தயா, பெஹெத்” என்று எல்லாவற்றையும் மருந்தாக்கிவிட்டு வந்துவிட்டாள். காய்கள் பல்கனியில் பழைய நுளம்பு வலைக்குள் கிடந்து வெடித்தன. மகளுக்குச் சின்ன வயதில் பிடித்த தன் பழைய வொயில் சேலையில் உறை தைத்து, பஞ்சை நிரப்பி, வாயையும் தைத்து முடித்தாள்.

படம் அனுப்பியதும் மகள் பதறிப்போய் அழைப்பு எடுத்தாள்.

“அப்பா, மாமியிட்டைச் சொல்லுங்கோ, அதுக்குள்ளை ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது. இஞ்சை அது களை. வடக்குப் பக்கம் மாடு மேயிற நிலமெல்லாம் மூடிப்போச்சாம்.” பின்னாலேயே விதையின் படமும் வந்தது.

“பிள்ளையாருக்குப் போடுறதைக் களை எண்டினமோ? நல்லாயிருக்குக் கதை!” என்ற அக்கா, பேசிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள்.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, வியர்க்க வியர்க்கப் பஞ்சைக் கிளறினோம். முற்றிய விதையை அடையாளம் காண்பது சுலபம். மிளகாய்க் கொட்டையைவிடச் சற்றுப் பெரிது, சப்பை, மண்ணிறம், கூரான நுனியில் பட்டு மயிர்க் குஞ்சம். முற்றாததுதான் வம்பு. அது சருகுத் தூள் போல் பஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். அக்கா அதைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். நசிந்தால் பதர், நசியாவிட்டால் விதை. நான் போனில் படத்தைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நடுவில் எனக்கொரு தும்மல் வந்து, துப்பரவாக்கிய குவியல் பாதி அறை முழுக்கப் பறந்தது. புருவமெல்லாம் பஞ்சோடு நின்ற என்னைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். விசா மறுக்கப்பட்ட பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் சந்தேகமானதையெல்லாம் பதரென்றும் பாராமல் எறிந்துவிட்டு, பஞ்சை அதே உறைக்குள் திருப்பி அடைத்துத் தைத்தாள். பயணப்பெட்டியில் என் உடுப்புகளுக்கு மேலே வைத்தாள்.

மெல்பேர்னில் இறங்கியதும் வருகைப் படிவத்தில் தலையணையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாள். தையலைப் பிரித்துப் பஞ்சைத் தட்டில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள். பிறகு உறையை உட்புறம் திருப்பினாள்.

மூலை மடிப்பில் ஒரு விதை செருகிக் கிடந்தது. குஞ்சம் உதிர்ந்துவிட்டிருந்தது, ஆனாலும் எருக்குத்தான். அதைப் பார்த்துச் சொல்ல அந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் இருந்திருக்க முடியாது. தலையணை குப்பைத் தொட்டிக்குள் போயிற்று. அந்தப் பெண்ணில் எனக்குக் கோபமில்லை. ஒருதரம் நாங்கள் அந்த உறையை உதறிப் பார்த்திருக்கலாமே என்ற மனவருத்தம்தான் இன்றைக்கும் போகவில்லை. அத்தனை பஞ்சைக் கிளறியவர்களுக்கு அந்த ஒரு முழத் துணி நினைவுக்கு வரவில்லை.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்று வட்ஸ்அப்பில் அக்காவுக்குக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பேத்தி மெத்தையில் தலைக்கு ஒன்றும் இல்லாமல் நித்திரை.

“தலையணை எங்கை?”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நான் விமான நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“அதையும் உள்ளுக்கு விடேல்லையோ?”