நேர்காணலுக்கு ஒரு ஃபிளெக்ஸ்

பெருந்தொற்றுக்கு முன்பு எங்கள் வீட்டில் சுவர் என்பது காலண்டர் மாட்டும் இடம். ஊரடங்குக்குப் பிறகுதான் அது ஒருவருடைய தகுதியைச் சொல்லும் பொருளாயிற்று. கேமராவுக்குள் விழும் அந்தச் சிறு சதுரம் கௌரவமாக இருந்தால் போதும், மீதி வீட்டில் துணி காயலாம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. நாமக்கல் பண்ணைக்காரர்கள்கூடப் பின்னால் பிளாஸ்டிக் செடி வைத்துக்கொண்டு முட்டை விலை பேசினார்கள்.

சென்ற ஆவணியில் என் மகளுக்குச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து காணொளி நேர்காணல் வந்தது. படிப்பை முடித்தும் வேலையில்லாமல் இருந்தவள். இதுவும் தவறினால் தைக்குள் கல்யாணம் என்று, ஓர் இடமும் பார்த்து வைத்து, வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

செய்தி கேட்டு என் மச்சினன் வந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். பூவும் பெயரும் எழுதாமல் அவர் பட்டறையை விட்டு ஒரு வண்டி வெளியே போனதில்லை. மகள் என் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்காருவதாக இருந்தாள். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“பழைய பேப்பர் கடையாட்ட இருக்குதுங்க மச்சான். நான் பாத்துக்கறேன், உடுங்க.”

மறுநாள் ஃபிளெக்ஸோடு வந்தார். அதில் ஒரு புத்தக அலமாரி அச்சிடப்பட்டிருந்தது. தேக்கு நிறம், ஒரே உயரத்தில் தடித்த நூல்கள், எதன் முதுகிலும் படிக்கும்படி ஓர் எழுத்து இல்லை. அதை என் அலமாரியின் மீதே கட்டினார். இத்தனை வருட வாசிப்பில் புத்தகங்களைப் பற்றி இவ்வளவு தெளிவான விமர்சனத்தை நான் கண்டதில்லை.

கீழ் மூலையில், கூப்பிய கையோடு அவரும் இருந்தார். அவள் காதுகுத்து முதல் சீர் வரை தாய்மாமன் என்ற முறையில் அவர் வைத்த ஃபிளெக்ஸ் எல்லாம் ஒரே கடையில் அடித்தவை. கடைக்காரர் வழக்கப்படி படத்தைச் சேர்த்துவிட்டார். மச்சினன் வாழ்த்து வரியை மட்டும் எடுக்கச் சொன்னாராம். முகத்தை எடுக்க மனம் வரவில்லை.

மகள் நாற்காலியை நகர்த்தி, தன் முதுகால் அவரை மறைத்துக்கொண்டாள்.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நடுவில் ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். ஃபேன் காற்றில் அசைந்தபடி மாமன் தெரிந்தார். மறுமுனையிலிருந்த அதிகாரி பேச்சை நிறுத்தி, பின்னால் இருந்து யாராவது விடை சொல்லித் தருகிறார்களா என்று கேட்டார்.

“ஆளில்லீங்க மேடம். அது எங்க தாய்மாமன் போட்டோ.”

அவர் நம்பவில்லை. மகள் எழுந்து ஃபிளெக்ஸைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள். லேப்டாப்பைத் தூக்கி அறையின் நான்கு மூலையையும் காட்டினாள்.

மச்சினன் என் காதருகே சொன்னார்: “பிரிண்ட் அவ்வளவு தெளிவா உழுந்திருக்குதுங்க. ஆளுன்னே நெனச்சுட்டாங்க.”

அதற்குப் பிறகும் கடைசிச் சுற்றுக்கு அழைத்தார்கள் என்றால், அது அவள் போட்ட கணக்கினால் இருக்க வேண்டும். அன்று மச்சினன் திரைச்சீலைத் துணியோடு வந்தார். மகள் அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

“மாமா, நீங்க பட்டறைக்குப் போங்க. அப்பா, நீங்களும் கூடவே போங்க.”

படுக்கையறையின் வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தாழிட்டுக்கொண்டாள். நாங்கள் பட்டறையில், பாதி கட்டிய லாரியின் நிழலில் டீ குடித்தோம். மதியம் போன் வந்தது.

“எடுத்துக்கிட்டாங்கப்பா. தைக்குப் பாத்து வெச்சிருக்கற எடத்துக்கு வேண்டாம்னு இப்பவே சொல்லிருங்க.”