உப்பளத்து ஆடுகளும் ஒரு மாதிரிப் பாடமும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வழியில் நடந்தது இது. பெட்ரோல் தட்டுப்பாடான காலம். பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரிப்பார்கள். அதிலிருந்து வரும் வாயுவில்தான் வண்டி நகரும். மேடு வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். கதை இல்லை பிள்ளைகளே, சத்தியம்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அண்ணனின் பலசரக்குக் கடையில் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியோ ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்ததும் எழுதிப் போட்டாள். நேரில் வந்து மூன்றாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது.

வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியில் அண்ணன், "இந்த ஒரு தடவை போயிட்டு வரட்டும். கெடைக்கலைன்னா பெறகு வேலைங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. எனவே அந்த ஒரு நாள்தான் அவளுக்கு எல்லாமே.

பாடத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது முத்துக்குளிப்பு. பெரிய தாள் ஒன்றில் கடல், தோணி, கல்லையும் கயிற்றையும் கட்டிக்கொண்டு மூழ்கும் ஆள், அடியில் சிப்பிகள் என்று கலர் பென்சிலால் வரைந்திருந்தாள். அதைச் சுருட்டி நூல் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றபோதுகூடத் தரவில்லை.

சாயர்புரம் தாண்டும்வரை எந்தக் குறையும் இல்லை. தூத்துக்குடியை நெருங்கும்போது, இருபுறமும் உப்பளமாக, நடுவே ஒற்றை வரப்புப்போல ரோடு போகும் இடத்தில், ஒரு பெரிய ஆட்டு மந்தை முன்னால் போய்க்கொண்டிருந்தது. தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பும் ஆடுகள். ஒரே ஒரு ஆள் கம்போடு பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

டிரைவர் ஹாரனை அமுக்கிப் பார்த்தார். தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஆட்டை ஓரமா ஒதுக்குலே!" என்று கத்தினார்.

ஆட்டுக்காரர் திரும்பினார். "எங்கன ஒதுக்கச் சொல்லுதீரு அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் அளம். உப்புல எறங்குனா அளத்துக்காரன் என் தோலை உரிச்சிருவான்."

பஸ் மந்தைக்குப் பின்னால் ஊர்ந்தது. எங்களுக்கு முன்சீட்டில் ஒரு கருப்பட்டி வியாபாரி இருந்தார். "ஆடு கொழும்புக்குப் போயிச் சேந்துரும். நாமதான் தூத்துக்குடி போகமாட்டோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வெயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகப் போனால் கரி பஸ்ஸுக்கு ஆகாது. வாயு சரியாக வராமல் இரண்டு மூன்று தடவை இருமியது. பிறகு குண்டு போட்டதுபோல 'டமார்' என்று ஒரு வெடிச்சத்தம். அவ்வளவுதான், மந்தை அப்படியே சிதறியது. கண்மூடித் திறப்பதற்குள் ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை. அத்தனையும் உப்பளத்தில் இறங்கிவிட்டன.

டிரைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வழி கெடைச்சுட்டுது! கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க, விட்டு அடிக்கப் போறேன்" என்றார்.

உண்மையைச் சொன்னால் என் மனசிலும் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. அப்போது பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"வண்டியை எடுக்காதீங்க அண்ணாச்சி. நம்ம வண்டிச் சத்தத்துலதான் அதுக ஓடிச்சு. அவரு ஒத்தை ஆளா எப்படிப் பிடிப்பாரு?"

"ஏளா, உனக்கு நேரமாகுதுல்லா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆகத்தான் செய்யுது. அவருக்கும் தோணிக்கு நேரமாகும்லா?" என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் இறங்கிய பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பது? நானும் இறங்கினேன். கருப்பட்டி வியாபாரி, "படிச்ச பிள்ளையே ஆடு மேய்க்கப் போகுது, நமக்கென்ன மானம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் பின்னால் பஸ்ஸே காலியானது. டிரைவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இங்கேதான் வேடிக்கை. ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர். பாத்தி நிறைய உப்பைப் பார்த்ததும் அவற்றுக்குக் கல்யாண விருந்தே கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. பயமெல்லாம் பறந்துபோய், தலையைக் குனிந்து நக்க ஆரம்பித்துவிட்டன. விரட்டினால் அடுத்த பாத்திக்குப் போய் அங்கே நக்கின. "அதிகமா நக்கிட்டுதுன்னா வயித்தால போயி செத்துரும்" என்று ஆட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்து இழுத்தோம், குட்டிகளைத் தூக்கினோம். என் மனைவி தோளில் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு, கையில் இன்னொன்றின் காதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் நடந்து வந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அளத்தில் வேலை செய்தவர்கள் முதலில் திட்டத்தான் ஓடிவந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மந்தையைத் திரும்ப ரோட்டில் ஏற்றிவிட்டோம். பார்த்தால், பஸ் மறுபடியும் ஆடுகளுக்குப் பின்னால்தான் நின்றது! டிரைவர் நெற்றியில் கை வைத்துவிட்டார். பிறகு நாங்களெல்லாம் ரோட்டின் ஒரு ஓரத்தில் வரிசையாக நின்று, ஆடுகளைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொள்ள, காலி பஸ் மறுபக்கமாக உரசிக்கொண்டு முன்னால் போனது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏறப்போகும்போதுதான் அவள், "படம்!" என்றாள். இறங்கும்போது அதை ரோட்டோரக் கல்லில் வைத்திருந்தாள். ஒரு கிடா அங்கே நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பாதித் தோணி மட்டும் கையில் வந்தது.

ஆட்டுக்காரர் பதறிப்போனார். "எங்க போற தாயி? படிக்கவா?"

"சொல்லிக் கொடுக்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பாதித் தோணியைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் சேரும்போது சொன்ன நேரம் கடந்துவிட்டிருந்தது. அவள் மேலெல்லாம் ஆட்டு வாசம். வாசலில் இருந்த பூவரச மரத்தடியில் நான் நின்றுகொண்டேன். வகுப்பு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"ஏன் தாமதம்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"பாடத்துக்குப் படம் எங்கே?"

"கிடா தின்னுட்டுதும்மா."

வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. தலைமை ஆசிரியை சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி, படம் இல்லாமல் நடத்துங்கள்" என்ற குரல்தான் வந்தது.

அவள் பாதித் தோணியைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். "மீதித் தோணி எங்க போகுது சொல்லுங்க பார்ப்போம்?" என்றாள். "கொழும்புக்கு! ஆட்டு வயித்துக்குள்ள!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதன் பிறகு அவள் கை வைத்த இடமெல்லாம் பாடம்தான். எல்லோரையும் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மேஜையில் தட்டும்வரை மூச்சு விடக் கூடாது. அத்தனை சிறுமிகளும் கடலுக்குள் போய்விட்டார்கள். வெளியே மரத்தடியில் நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டியதும் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கிய சத்தம் அலை அடித்ததுபோல் இருந்தது. "இப்ப மேல தோணியில இருக்கவங்க கயித்தை இழுக்கலைன்னா உங்க கதி என்ன?" என்று கேட்டாள். அப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பாடம் முடிந்து தலைமை ஆசிரியை வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வேட்டியிலும் உப்பும் சேறும்தான். "நீங்களும் ஆடு பிடித்தீர்களா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் எங்கள் கோலத்தைப் பார்த்து, "கெடைக்கலை, அப்படித்தான?" என்றார். கிடைத்துவிட்டது என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அண்ணன் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். பிறகு கடையிலிருந்தவர்களைப் பார்த்து, "கேட்டீங்களாவே, எங்க வீட்டுப் பிள்ளை ஆட்டு மந்தையைக் கரையேத்திட்டுப் போயி வேலை வாங்கியிருக்கா" என்று அவரே எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் தூத்துக்குடியிலேயே குடியேறினோம். நானும் தனியாக ஒரு கடை போட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஆட்டு டீச்சர்' என்ற பெயர் அன்றைக்கே விழுந்து, கடைசிவரை நிலைத்துவிட்டது. என் கடைக்குப் பெயர்ப் பலகை இருந்தது. ஆனால் ஊரில் வழி கேட்டால் 'ஆட்டு டீச்சர் வீட்டுக்காரர் கடையா?' என்றுதான் கேட்பார்கள். வழி கிடைத்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தபோது, அந்த ஆட்டுக்காரரை நினைத்து இறங்கியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய வீட்டுக்காரன் என்று என்னை அழைப்பதைவிடப் பெரிய பெயர் ஒன்று எனக்கு வேண்டும் என்று இதுவரை தோன்றியதே இல்லை.