அக்கா தந்த பத்து வீதம்

அன்று நீதிமன்ற அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். உயர்ந்த மேசைக்குப் பின்னால் நீதவான். அவருக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண். கதவடியில் ஒரு பொலிஸ்காரர். அரசதரப்பு வக்கீல். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த, பல்லுக்குக் கம்பி போட்ட ஓர் இளம் வக்கீல். மரத்தடுப்புக்குள் அத்தான். வாங்கில் அக்காவும் நானும்.

அத்தான் வேலைசெய்த தொழிற்சாலையில், அவருடைய சாப்பாட்டுப் பெட்டியை ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறான். அத்தான் பிடித்துத் தள்ளினார். விழுந்தவனுக்குக் கை முறிந்தது. வேலையும் போய், ஆளும் உள்ளே.

நீதிமன்றத்துக்கு முதல் நாள் முழுதும் நான் ஏஜென்ட் தேடினேன். அமெரிக்காவில், பஃபலோவில் இருந்த அத்தானின் கூட்டாளி போனில் அப்படித்தான் சொன்னார். "உதுக்கேன்ரா பயப்பிடுறாய்? பிணைக்கெண்டே ஏஜென்ட் இருக்கிறான். பத்து வீதத்தைக் குடுத்தா மிச்சத்தை அவன் பாப்பான். மஞ்சள் டெலிபோன் புத்தகத்தை எடுத்துப் பார்."

சென் ஜேம்ஸ் ரவுணில் அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் அந்தத் தடித்த புத்தகத்தை விரித்து, எட்டாம் வகுப்போடு விட்ட இங்கிலிசை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பிணைக்கு இங்கிலிசில் 'பொண்ட்' என்பார்களே, அந்தச் சொல்லோடு ஒரு கொம்பனி அகப்பட்டது. போனை எடுத்தவர் எத்தனை மாடிக் கட்டடம் என்று கேட்டார். நாங்கள் இருக்கும் இடத்தை விசாரிக்கிறாராக்கும் என்று பத்தொன்பது என்றேன். அதன்பிறகு அவர் என்னை வலு மரியாதையாக நடத்தினார். அது கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு உத்தரவாதம் கொடுக்கிற இடம் என்று விளங்கக் கால்மணி நேரம் பிடித்தது.

மறுநாள் நீதிமன்ற நடையில் இளம் வக்கீல் தலையை ஆட்டினார். கனடாவில் பிணை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆளை அறிந்த ஒருவர் தன் சொந்தக் காசை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். முன்பணம் கட்டத் தேவையில்லை. ஆள் வழக்குக்கு வராவிட்டால் மட்டும் கட்ட வேண்டும். அதோடு இன்னொன்றும் விரலை உயர்த்திச் சொன்னார். அது எனக்குப் பாதிதான் விளங்கியது. "யெஸ் சேர்" என்றேன். விளங்காதபோது நான் சொல்லும் பதில் அது.

ஐந்நூறு டொலருக்குக் கையெழுத்து வைத்தேன். அத்தான் என் கண்பார்வையில், அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நானும் அங்கேதான் இருந்தேன்.

அன்று பின்னேரம் அக்கா என் கையைப் பிடித்து நோட்டுகளைத் திணித்தா. அடுத்த வீட்டுப் போர்த்துக்கீசப் பெண்ணின் பிள்ளைகளைப் பார்த்துச் சேர்த்த காசு. ஐம்பது டொலர்.

"என்னக்கா இது?"

"பத்து வீதம். ஏஜென்டுக்கெண்டு வைச்சிருந்ததிலை எடுத்தனான். ஊர் தெரியாதவனுக்குக் குடுக்க இருந்ததை உனக்குத் தந்தா என்ன? நீயும் ஒரு குளிர்க்கோட்டுக்கு வழியில்லாமல் திரியிறாய்."

வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் இரண்டாவது தரமும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையே தடித்த மண்ணிறக் கோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.

அத்தானுக்கு ஒரு பேக்கரியில் புதிதாக இரவு வேலை கிடைத்தது. நாளுக்கு இருபது டொலர். அந்த வேலை நிலைத்தால்தான் வாடகை. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் விடிய அவர் வீடு திரும்பும்வரை யன்னலடியில் நிற்பேன். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் ஐந்நூறு டொலர் போய்விட்டதென்றே நினைப்பேன். அத்தான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரிப்பார். "மச்சான், நான் ஓடிறதெண்டால் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் ஓடுவன். தனியப் போகப் பயம்."

மூன்றாம் கிழமை, ஆறாம் மாடியில் இருந்த சென்னைக்காரர் ஒருவரை லிஃப்டில் கண்டேன். வக்கீல் கந்தோரில் தட்டச்சு வேலை அவருக்கு. பிணைக்கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், கோட்டுக் கதையையும் சொல்லிவிட்டேன்.

"ஐயையோ, காசு வாங்கினீங்களா?" என்றார். "அமெரிக்காவுல அதுக்குப் பேரு தொழில். இங்க அதுக்குப் பேரு குத்தம். கொடுத்தவங்களும் உள்ள, வாங்கின நீங்களும் உள்ள. பேசாம திருப்பிக் குடுத்துடுங்க சார்." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வக்கீல் விரல் உயர்த்திச் சொன்னது அதுதான் என்று அப்போது விளங்கியது. திருப்பிக் கொடுக்க என்னிடம் காசு இல்லை, கோட்டு இருந்தது. இரண்டு நாள் கோட்டைப் போடாமல் திரிந்தேன். நான் உள்ளே, அக்கா உள்ளே, கடைசியில் அத்தான் மட்டும் வெளியே நிற்பதுபோலெல்லாம் நினைவு ஓடியது. இந்தப் பிணையிலிருந்து விலகிவிட்டால் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள் என்று பட்டது.

மூன்றாம் நாள் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக நீதிமன்றம் போனேன். பிணைகாரன் வந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் அவனைப் பொறுப்பிலிருந்து விட்டுவிடுவார்கள். காரணம் கேட்டார்கள். "ஆளைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை" என்றேன். பச்சைப் பொய். அத்தானைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், தெரியுமா என்று கந்தோர்ப் பெண் மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டா. எனக்கு வடிவாக விளங்கியது. அப்போதும் "யெஸ்" என்றேன்.

அன்று பின்னேரமே இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். அத்தான் வேலைக்குப் போகச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. துடைக்க விட்டார்கள். விலங்கு போடும்போது என்னைப் பார்த்து, "மச்சான், பேக்கரிக்கு ஒருக்கால் போன் பண்ணு. சொல்லாமல் நிண்டுட்டன் எண்டு நினைப்பாங்கள்" என்றார். யார் எழுதிக் கொடுத்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது. பொலிஸ்காரர் வாசித்த தாளில் என் பெயர் வந்தபோது அக்காதான் என் பக்கம் திரும்பினா.

"நீயோடா?"

"பயமாக் கிடந்ததக்கா."

"என்னத்துக்கு? அவர் எங்கையடா போனவர்?"

சொல்லியிருக்கலாம். அந்த ஐம்பதால்தான் என்று. சொன்னால் அவ தன்னைத்தான் நொந்துகொள்ளுவா என்று அன்றைக்கு எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மையில், சொல்ல வெட்கம்.

பதினாறு நாள் அத்தான் உள்ளே. வருமானம் இல்லாத மனைவியின் கையெழுத்து போதாது என்றார்கள். கடைசியில் அந்தப் போர்த்துக்கீசப் பெண்ணின் கணவர் வந்து கையெழுத்து வைத்தார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணியைத் தவிர அவர் ஒன்றும் வாங்கவில்லை. அதற்குள் பேக்கரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பனி கரையும் காலத்தில், கை முறிந்தவன் சாட்சி சொல்ல வராததால் வழக்கே கைவிடப்பட்டது.

அத்தான் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீ பயந்தாங்கொள்ளி எண்டு தெரிஞ்சும் கையெழுத்து வைக்க விட்டது என்ரை பிழை" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னார். உள்ளே இருந்து அவர் இழந்தது பன்னிரண்டு வேலைநாள் சம்பளம், இருநூற்று நாற்பது டொலர். அதை நான் பிள்ளைகளின் பிறந்தநாள், தைப்பொங்கல், பள்ளிக்கூடச் சப்பாத்து என்று சாட்டுச் சொல்லி நாலு வருடத்தில் கொடுத்து முடித்தேன்.

அக்காவின் காசுக்கு மட்டும் சாட்டு அகப்படவில்லை. அதைக் கையில் கொடுத்தால், இது என்ன காசு என்று கேட்பா. ஒரு தரம் கடித உறையில் போட்டுக்கொண்டு போய், தேத்தண்ணி குடித்துவிட்டு, உறையோடே திரும்பி வந்தேன். அக்காவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஐம்பது டொலர்.