தரையிறங்காத வியாழக்கிழமைகள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போக ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் நெரிசல் இருந்தால் எழுபது. வாரம்தோறும் வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கிளம்புகிறேன். இடது பக்க ஜன்னல் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்கிறேன். எழுபத்து நான்கு வயதில் என்ன பிடிவாதம் என்று மகன் போனில் கேட்கிறான். இருபத்தாறு ஆண்டுகள் இடது பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவன். வலது பக்கம் உட்கார்ந்தால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

நான் விமானம் ஓட்டியவன், கேப்டனுக்கு இடது இருக்கை. கடல் கடந்து போகும் பெரிய ஜெட் விமானம் இல்லை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொப்பல்லர் சுற்றும், எழுபது பேர் உட்காரும் சின்ன விமானம். சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி, திருச்சி, மறுபடி சென்னை. ஒரு நாளில் ஆறு முறை ஏறி ஆறு முறை இறங்குவோம். ஜெட் ஓட்டுகிறவர்கள் எங்களை மினி பஸ்காரர்கள் என்பார்கள். ஸ்டெப்னி எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்கள் முப்பதாயிரம் அடிக்கு மேல், வெள்ளை மேகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் போகிறவர்கள். நாங்கள் பதினாறாயிரம், பதினேழாயிரத்தில் போவோம். அந்த உயரத்தில் ஏரி தெரியும், ஏரிக்கரை தெரியும். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் பாதை பிரிவது தெரியும். ஐப்பசி மேகத்தின் மேலே ஏறிப் போக எங்கள் விமானத்துக்குத் திராணி கிடையாது. ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சித்திரை மாதத்தில் மதுரையில் நிற்கும்போது விமானிகள் உட்காரும் முன்னறைக்குள் சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கும். எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டேதான் ஓட்டினேன். ஒரு நாளாவது வேறு விமானத்துக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்ததில்லை.

என் வலது பக்கத்தில் உட்கார்ந்தவரின் வீடுதான் திண்டிவனத்தில் இருக்கிறது. என்னைவிட ஏழு வயது இளையவர். நாலு வருஷம் ஏழு மாதம் என் துணை விமானி. சேர்ந்து ஓட்டியது 1,146 செக்டர். ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவதை நாங்கள் செக்டர் என்போம். ஒரு செக்டர் நான் ஓட்டினால் அடுத்தது அவர். பிறகு அவரும் கேப்டனாகி வேறு வேறு ஆட்களோடு பறந்தார். என்னை சார் என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

அவர் மனைவிக்குப் பனமலைப் பக்கம் ஊர். தெற்கே போகிற ஒவ்வொரு செக்டரிலும் அவர் அந்த ஏரியைத் தேடுவார். பாறை மேல் கோயில், பக்கத்தில் தண்ணீர். இறங்கியதும் முதல் வேலையாக மாமனாருக்கு போன் பண்ணி ஏரி முக்கால், ஏரி அரை என்று சொல்வார். மாமனார் அதை வைத்துத்தான் நெல்லா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையா என்று முடிவு செய்வாராம். ஊரில் கரை மேல் ஏறிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் சார், ஆனா மாப்பிள்ளை மேலேயிருந்து பார்த்துச் சொன்னார்னு டீக்கடையில சொல்லணுமே என்றார்.

மூன்று வருஷமாக அவருக்கு மறதி. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள். போன ஆனியில் நான் போய் நின்றபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கரண்ட் ரீடிங்கா? மீட்டர் வெளியில இருக்கு பாருங்க.”

பஸ் நிறுத்தத்திலிருந்து அவர் வீட்டுக்கு 640 தப்படி. வெயிலில் அத்தனையும் நடந்து வந்திருக்கிறேன், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டவன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் வலிக்கவே இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்தது.

“பார்க்கிங் பிரேக்?”

“செட்” என்றார்.

எங்கள் தொழிலில் எதையும் நினைவை நம்பிச் செய்யக் கூடாது. ஓட்டாதவர் பட்டியலைப் படிப்பார், ஓட்டுகிறவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பதில் சொல்வார். கிளம்புவதற்கு முன் இருபத்திரண்டு கேள்வி, மேலே எழுந்த பின் ஏழு. அன்றைக்கு இருபத்தொன்பதும் கேட்டேன். இருபத்தொன்பதுக்கும் பதில் வந்தது. தன் பிள்ளைகள் பெயரைச் சொல்லத் தெரியாதவர் ஒரு சுவிட்சைக் கூடத் தவறவிடவில்லை. கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே பார்த்தார்.

“சார், பனமலை ஏரி. தண்ணி தளும்புது. வூட்ல சொல்லணும்.”

அவர் என்னை சார் என்று கூப்பிட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமை தவறவில்லை. தரையில் இருக்கும்வரை நான் மீட்டர் பார்க்க வந்தவன். அந்த ஏழாவது பதில் முடிந்து மேலே போய்விட்டால் நான் சார். மேலே போன பின் பேசுவார். தூத்துக்குடியில் பக்கக் காற்றோடு இறங்கிய மத்தியானம், மதுரையில் டயர் பார்க்க வருகிற மெக்கானிக் கொண்டுவந்த பருத்திப்பால், இரண்டு புரொப்பல்லரும் ஒரே சுதியில் சேரும்போது காலடியில் அதிர்வு அடங்கிப்போவது. பாதி எனக்கே மறந்தவை. அரை மணியோ முக்கால் மணியோ பேசிவிட்டு மெல்ல அமைதியாகி முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து பன்னிரண்டு ஐம்பது பஸ்ஸைப் பிடிப்பேன்.

இறங்குவதற்கும் பட்டியல் உண்டு. அதை நான் ஒரு தடவையும் படிக்கவில்லை. இறங்கிவிட்டால் மறுபடி மீட்டர்காரன் ஆகிவிடுவேன் என்பதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, அதற்கு நேரே அவர் சொன்ன பதில்களின் எண்ணிக்கை. 29, 29, 28, 28, 25. புரட்டாசியில் 19. தீபாவளிக்கு முந்தைய வாரம் 11. எந்தக் கேள்வி போயிற்று என்றும் எழுதினேன். முதலில் போனது எரிபொருள் அளவு. அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

பதினான்காவது வியாழக்கிழமை, கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தார். எப்போதும் வருகிறவர் இல்லை.

“ண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க போனப்புறம் அவரு நாற்காலிய வுட்டு எழுந்துக்க மாட்டேங்கறாரு. கைய முன்னாடி நீட்டிக்கினு அப்படியே உக்காந்துக்கினு இருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டா, இன்னும் எறங்கலம்மா, பின்னாடி எழுபது பேரு இருக்காங்கன்றாரு. பாத்ரூமுக்குக்கூட எழுந்துக்கறதில்ல. நான்தான் துணி மாத்தறேன்.”

எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான். மறுநாள் மத்தியானம்வரை, சில வாரம் சாயங்காலம்வரை என்றார். சோர்ந்து அப்படியே சாய்ந்த பிறகுதான் படுக்க வைக்க முடியுமாம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று எரிச்சலோடு கேட்டுவிட்டேன். நீங்கள் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் அவர் முகம் நன்றாக இருக்கிறது, அதனால் சொல்லவில்லை என்றார்.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். டாங்க் நிறைய ஊற்றினாலும் எங்கள் விமானம் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் நிற்காது. நான் அவரை இருபத்தைந்து, முப்பது மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்றோடு பதினான்கு தடவை. தனியாக. பக்கத்தில் இருக்க வேண்டிய கேப்டன் பன்னிரண்டு ஐம்பது பஸ்ஸில் விழுப்புரம் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான்.

“உங்க விளையாட்ட இத்தோட நிறுத்திடுங்கண்ணா” என்றார்.

அது போனால் அவருக்கு என்னை யாரென்று தெரியாமல் போய்விடுமே என்றேன். இத்தனை வயதுக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

“என்னையுந்தான் யாருன்னு தெரியல. நான் சோறு போடாம இருக்கேனா?”

அந்த வாரம் முழுவதும் இறங்கும் பட்டியலை எழுதிப் பார்த்தேன். உயரம் குறைக்கும்போது, ஓடுபாதை தெரியும்போது, தரை தொட்ட பின், எஞ்சினை நிறுத்த என்று மொத்தம் இருபத்தாறு. எனக்கு இருபத்திரண்டுதான் வந்தது. மிச்சம் நான்கைப் பரணில் கிடந்த பழைய கையேட்டில் தேடி எடுத்தேன். எனக்கும் இவ்வளவு மறதி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

பதினைந்தாவது வியாழக்கிழமை, அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முழுசாக இறக்கிவிட்டுப் போகிறேன், இனிமேல் ஏற்ற மாட்டேன் என்றேன். அந்தம்மா சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஏறும்போது கேட்ட இருபத்தொன்பதுக்கு ஒன்பது பதில்தான் வந்தது. ஏரி தெரிகிறதா என்று நானே கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கை மட்டும் முன்னால் இருந்தது. இரண்டு நிமிடம் விட்டு இறங்கும் பட்டியலைத் தொடங்கினேன். முதல் கேள்வியிலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“லேண்டிங் கியர்?”

“டவுன். மூணு பச்சை.”

சக்கரங்கள் இறங்கிவிட்டால் மூன்று பச்சை விளக்கு எரியும். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஆனியில் வந்த மாதிரி. இவ்வளவு நாளாக இதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ. தரை நெருங்கும்போது உயரத்தைச் சொன்னேன். ஐம்பது, முப்பது, இருபது, பத்து. அவர் இரண்டு கையையும் நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுத்தார். அவர் எப்போதும் அப்படித்தான், டயர் தொட்டது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் கொஞ்சம் தட்டித்தான் இறக்குவேன்.

கடைசியாக எஞ்சினை நிறுத்துகிற கேள்விகள். புரொப்பல்லர் சுற்றுவது குறைந்து ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்வரை நாங்கள் காத்திருப்போம். அன்றைக்கும் காத்திருந்தோம். பிறகு மிச்சம் ஒன்றுதான்.

“பேட்டரி?”

என் பக்கம் திரும்பினார். பதினைந்து வாரத்தில் பட்டியல் நடுவே அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் மறுபடி கேட்கவில்லை.

“ஆஃப்” என்றார்.

தோள் பெல்ட்டைக் கழற்றுகிற மாதிரி கையை எடுத்துவிட்டு எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை.

“அடுத்தது உங்களோடது, சார்.”

நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இருபத்தாறில் இருபத்து நான்கு சொல்லியிருந்தார். நான் நோட்டை மூடினேன். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எறங்கிட்டாராண்ணா என்று கேட்டார். இறங்கிவிட்டார் என்றேன். அந்தம்மா அழுதார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். சொன்ன வார்த்தையை மீறி ஒரே ஒரு முறை, தாங்க முடியாமல், பார்க்கிங் பிரேக் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழுந்தது. யாரிடம் சொல்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். முறைப்படி இந்த செக்டர் என்னுடையது. பட்டியலைப் படிக்க வேண்டியவர் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை போவதை நிறுத்தவில்லை. போன வாரம் அவர் மனைவி வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் நிதானமாக உரித்துக்கொண்டே, “கரண்ட்காரருக்கும் கொஞ்சம் குடும்மா, வெயில்ல வந்துக்கினு இருக்காரு” என்றார்.

வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது வெளிச்சுவரில் இருந்த மீட்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஐந்து இலக்கம். நோட்டைத் திறந்து, தேதி போட்டு, பதில்களின் எண்ணிக்கை எழுதுகிற இடத்தில் அதை எழுதினேன். ஜன்னல் வழியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிட்டீங்களா?”

எழுதிவிட்டேன் என்றேன்.

“அடுத்த தடவையும் நீங்களே வாங்க” என்றார்.