அகீலாவின் திங்கட்கிழமை நோன்பு

“என்னெ ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க வெக்கிற வீடு, கல்பிட்டியில இருந்து சிலாபம் வரைக்கும் இன்னும் ஆரும் கட்டல்ல.”

இந்தப் பிரகடனத்தை மாம்புரி ஊர் அகீலா வெளியிட்ட இடம் அவளுடைய வீட்டுக் குசினி. சபையில் இருந்தவர்கள் உம்மாவும், மீன் தலைக்காகக் காத்திருந்த ஒரு பூனையும். உம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டே, “ஓம் மகள், பெரிய கெட்டித்தனம்” என்றாள். பூனை கருத்துத் தெரிவிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடித்த கையோடு அகீலா ஒரு தர்ம நிறுவனத்தில் பயிலுனராகச் சேர்ந்திருந்தாள். ‘கோடைகாலப் பயிற்சி’ என்று அதற்குப் பெயர். எங்கள் கரையில் வருடம் முழுக்கக் கோடைதான் என்பதால் பெயரில் யாரும் குற்றம் காணவில்லை. யுத்தம் முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் பெரிய வாகனங்களில் ஏறிப் போய்விட, எஞ்சி நின்ற சின்ன நிறுவனம் அது. கிணறு உப்பாகிப்போன வீடுகளுக்குத் தண்ணீர்த் தாங்கி கொடுத்து, பவுசர் வண்டி அனுப்பி அதை நிரப்புவது அதன் வேலை.

அங்கே அதிகாரியான நளீம் சேர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: யாருக்குத் தாங்கி தேவையென்று பார்க்கப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. முன்பு வேலை செய்த ஒருவர் இறால் கறியோடு சோறு தின்ற வீட்டுக்கே தாங்கி கிடைத்ததாம். அன்றிலிருந்து ஊரில் இறாலுக்கு இருந்த மரியாதை நிறுவனத்துக்கு இல்லாமல் போனதாம்.

சட்டம் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியை வேண்டாமென்பது, அதைத் தந்த மனிசரையே வேண்டாமென்பதற்குச் சமம். ஆகவே அகீலா பொய்களைத் துணைக்கு அழைத்தாள். “நான் இப்பதான் குடிச்ச”, “வயிறு சரியில்ல” என்ற இரண்டையும் வைத்தே பல வீடுகளை வென்றாள். தோளில் தொங்கிய பையில் சொந்தத் தண்ணீர்ப் போத்தல் ஒளிந்திருந்தது.

கண்டக்குழியில் மாக்கிறட்டின் வீட்டுக்குப் போனது ஒரு திங்கட்கிழமை. மாக்கிறட் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் பஸ்தியான் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் கோயிலடிக் குழாயில் தண்ணீர் வரும். ஆகவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர்க் கான்கள் கட்டிய சைக்கிளையும் மணலில் தள்ளுவது அவள்தான். அப்படிக் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் விருந்தாளிக்கென்று தேத்தண்ணி ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்துக் கொண்டுவந்தாள்.

“வயிறு சரியில்ல அக்கா.”

“அப்ப இஞ்சி தட்டிப் போட்டுத் தாறன் மிஸ்.”

இஞ்சிக்கு எதிராக அகீலாவிடம் ஆயுதம் இல்லை. “இல்லக்கா, நான் இண்டைக்கு நோன்பு” என்றாள். திங்களும் வியாழனும் விரும்பியவர்கள் நோன்பு பிடிக்கும் நாட்கள் என்பது கண்டக்குழிக்கும் தெரியும்.

மாக்கிறட் பதறிப்போனாள். கோப்பையை உள்ளே கொண்டுபோனாள். தான் கடித்து வைத்திருந்த பாண் துண்டையும் துணியால் மூடினாள். கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். கதையெல்லாம் முடிந்து அகீலா எழும்பியபோது, மெல்லக் கேட்டாள்:

“நோன்பாளி கேட்டா ஆண்டவர் தட்டமாட்டாரெண்டு சொல்லுவாங்க. பிள்ள சுகமாப் பொறக்கோணுமெண்டு எனக்காகவும் ஒருக்காக் கேளுங்க மிஸ்.”

“ஓம் அக்கா.”

வெள்ளைக்காரர் தங்கும் விடுதியின் முடக்கில் வெயில் தாங்காமல் அகீலா போத்தலைத் திறந்தாள். தலையை அண்ணாந்து அரைப் போத்தலை முடித்துவிட்டுக் குனிந்தபோது, எதிரே வெறுங் கான்கள் கட்டிய சைக்கிளோடு மாக்கிறட் நின்றாள். போத்தலைப் பார்த்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அகீலா தாங்கி கிடைத்த செய்தியோடு போனாள். மாக்கிறட் வாசலில் நின்றபடியே, “தாங்கி வேணாம் மிஸ்” என்றாள்.

“ஏனக்கா?”

“என்ட தண்ணி வாயில படக்கூடாத ஆக்கள்ட தண்ணி எனக்கு எதுக்கு? நானும் நோன்பெண்டு நெனச்சுக்கொள்ளுங்க.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்தியான் பரிதாபமாகப் பார்த்தான். “கடல்ல நான் சம்மாட்டி மிஸ். கரையில அவதான்.”

நளீம் சேர் விசயத்தைக் கேட்டார். “வெள்ளிக்கெழமைக்குள்ள ஓமெண்டு சொல்லாட்டி தாங்கிய அடுத்த ஊருக்கு அனுப்புவோம் தங்கச்சி.”

“அந்த ஒரு வீட்டுல மட்டும் குடிச்சா, சேர்?”

“சட்டம் சட்டம்தான்” என்றவர், சூடாயிருந்த தன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

அன்று இரவுச் சோற்றில் அகீலா கை வைக்கவில்லை. வயிற்றோடு சைக்கிள் தள்ளும் ஒருத்தி கண்ணுக்குள்ளேயே நின்றாள். பிரகடனம் எப்படியிருக்கிறது என்று உம்மாவும் கேட்கவில்லை.

புதன்கிழமை மறுபடியும் கண்டக்குழிக்குப் போனாள். மாக்கிறட் கதிரை போடவில்லை. தேத்தண்ணி என்ற பேச்சே வரவில்லை. அகீலா மணலில் குந்தினாள். தருவதை மறுக்கப் பயின்றவளுக்கு, தராததைக் கேட்க வாய் வர நேரம் எடுத்தது.

“அக்கா, கொஞ்சம் தேத்தண்ணி தருவீங்களா?”

“ஏன், இண்டைக்கு நோன்பில்லையோ?”

“இல்லக்கா. அண்டைக்கும் இல்ல.”

“அப்ப எனக்காகக் கேட்டதும் பொய்தான்.”

“நோன்புதான் பொய். நான் வீட்ட போய்த் தொழுதிட்டு ஒங்கட புள்ளக்கி துஆ கேட்ட. அது மெய்.”

மாக்கிறட் அவளையே பார்த்தாள். பிறகு, “நல்ல தண்ணி முடிஞ்சுது. கிணத்துத் தண்ணிதான் இரிக்கு” என்று சொல்லி உள்ளே போனாள்.

வந்த தேத்தண்ணியைக் கடல் தாயே கையால் கலக்கியிருக்க வேண்டும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, அகீலா கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“எப்பிடி?”

“உப்பு” என்றாள் அகீலா. பொய் சொல்லுகிற பழக்கத்தை விட்டு அப்போது சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன.

மாக்கிறட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வேற என்னத்துக்கு, பிள்ள, தாங்கி? வெள்ளிக்கிழமையே கொண்டாரச் சொல்லு.”

‘மிஸ்’ எங்கே போனதென்று யாரும் தேடவில்லை. மாக்கிறட் குசினிக்குப் போய், முடிந்துவிட்டதாகச் சொன்ன கானைச் சரித்து, நல்ல தண்ணீரைக் கேத்தலில் ஊற்றினாள். அகீலா வெறும் கோப்பையைக் கையில் வைத்தபடி, அது கொதிக்கும் வரை காத்திருந்தாள்.