சித்தியின் ரூபிஸ்கோவும் கல்யாணப் பிச்சிப்பூவும்

பத்தாம் வகுப்போடு நின்ற நான், இலைக்குள் நடக்கும் வேலையைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சித்திக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குலசேகரத்தில் எங்கள் வீட்டில் தங்கி, சித்தி கல்லூரியில் தாவரவியல் படித்தாள். செமினார் பேச எழுந்தவள் வாயே திறக்காமல் அழுதுவிட்டாள். இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அதிலும் பேச்சு நின்றுபோனால் படிப்பை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த இரண்டாவது செமினாருக்கு முந்தின சாயங்காலம், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்குப் பூக்கட்ட உட்கார்ந்தோம். பெண் பிச்சிப்பூ மட்டும் கேட்டிருந்தாள். பூக்காரரோ மல்லிகை மொட்டையும் கலந்து பொதிந்துவிட்டார். கரண்டும் இல்லை; ஒரு சிம்னி விளக்குதான்.

பெரியம்மா மளமளவென்று கட்டினாள். அவள் சரத்தில் மல்லிகையும் ஏறியது. நான் ஒவ்வொரு மொட்டாக நாரில் வைத்து, முடிச்சு இறுகும்போது காம்பின் நீளத்தை விரலால் தடவிப் பார்த்து, காம்பு குட்டையான மல்லிகையை விலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீ கெட்டி முடிக்கதுக்குள்ள பொண்ணுக்குப் பேரப்பிள்ள பிறந்திரும்" என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

சுவரோரம் நின்று செமினாரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் சித்தி. இலைக்குள் கரியமிலவாயுவைப் பிடித்துச் சர்க்கரையோடு சேர்க்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, போட்டிக்கு வரும் ஆக்சிஜனை எப்படிப் பிரித்தறிகிறது என்ற இடம் வந்ததும் நின்றுபோய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். சிரிப்பைக் கேட்டதும் என்னருகே வந்து உட்கார்ந்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதக்கா. ரூபிஸ்கோவும் இப்பிடித்தான். இவ நார பிடிச்சிருக்கது மாதிரி, அது மொதல்ல சர்க்கரைய பிடிச்சிட்டு நிக்கும். பெறவுதான் வாயு வரும். வரும்போ ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான். சேத்துக் கெட்டுத நேரத்துலதான் வித்தியாசம். கரியமிலவாயுன்னா முடிச்சு நல்லா இறுகும். ஆக்சிஜன்னா அவ்வளவு இறுகாது. ஆனாலும் சில நேரம் அதுவும் ஏறிரும். சூடு கூடுனா தப்பும் கூடும்."

"அப்ப அது என்னப்போல ஒருத்தி" என்றாள் பெரியம்மா.

"அதுலயும் பல வகை உண்டுக்கா. வேகமா பிடிக்கது கூடுதல் ஏமாறும். தப்பு கொறையணும்னா இவள மாதிரி மெதுவாத்தான் கெட்டணும்."

சித்தி நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்தாள். பெரியம்மா தன் சரத்தைத் தடவிப் பார்த்து, மல்லிகையை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள்.

என் நிதானத்தை ஒருவர் குறையாகச் சொல்லாமல் பேசியது அதுவே முதல்முறை. எனக்காகத்தான் பேசினாள் என்று நினைத்து மகிழ்ந்தேன். முகங்களைப் பார்க்க அஞ்சியவள், என் விரல்களைப் பார்த்தே அத்தனையும் பேசித் தீர்த்தாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சித்தி செமினார் சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸில் வந்தாள். கல்யாணப் பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கினாள்.